அப்பா பிறந்ததற்குச் சாட்சி

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டில் குண்டைப் போட்டது பெரியப்பா மகன்தான். அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு வந்து நின்றான்.

"உங்கப்பா இந்த வீட்டுல பொறந்தவரே இல்ல. பக்கத்து வீட்டுல தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. வீட்டைக் காலி பண்ணுங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம்! அப்பா பிறந்தது இதே குற்றாலத்து வீட்டில்தான். பெரியப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் பிறந்த குழந்தைகள் வரிசையாகச் செத்துப்போயின. எமன் கண்ணில் படக்கூடாது என்று, பிறந்த அன்றைக்கே அவரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் இது சர்வசாதாரணம். அதைச் சொல்லி ஒருத்தன் பெண்டுபிள்ளைகளைத் தெருவில் நிறுத்துவானா?

கேஸ் போட்டுவிட்டான். வக்கீல் பிறப்புப் பதிவைக் கேட்டார். தென்காசி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். சாரல் வேறு, குடை பிடித்தாலும் வேட்டி நனைந்துவிடும். நாளைக்கு வாரும், நாளைக்கு வாரும் என்று இழுத்தடித்த குமாஸ்தா, ஒருவழியாகக் கிராம முன்சீப்பு எழுதி அனுப்பிய பழைய பதிவைத் தேடி எடுத்தார். வருஷம் சரி. தெரு சரி. ஆண் குழந்தை. தகப்பன் பெயர் மட்டும் தாத்தாவுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது.

பாவி மனுஷன் தாத்தா! எமன் சர்க்கார் கணக்கையும் புரட்டிப் பார்ப்பான் என்று பயந்து, முன்சீப்பிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறார்.

"நகல் எடுக்கணுமாவே?" என்றார் குமாஸ்தா. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பேறு பார்த்தவள், பக்கத்து வீட்டார் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சமிருந்தது பெரியம்மை ஒருத்திதான். கேஸ் போட்டவனைப் பெற்றவள். அப்பா பிறந்தபோது புது மருமகளாய் அந்த வீட்டில் இருந்தவள். போய்க் காலில் விழுந்தேன்.

"ஏலே, தவிட்டை அளந்து போட்டதே நாந்தான். ஒங்கப்பனை ஏந்தி வாங்கினதும் இந்தக் கைதான்" என்று அழுதாள். எனக்குப் போன உயிர் வந்தது.

"அதைக் கோர்ட்டுல வந்து சொல்லுங்க பெரியம்மை."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"எம் மவன் போடுத சோத்தைத் திங்குதேன்லே. நான் எப்படிச் சொல்லுவேன்?"

வீட்டுக்கு வந்தேன். அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாள். பிறகு பரணில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாய்க் கீழே இறக்க ஆரம்பித்தாள்.