கஞ்சி வாளியோடு நடந்த கணக்கு

என் மகள் ஒன்பதாவது படித்தபோது நடந்ததை எழுதுகிறேன். கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான். நானும் அப்படி இருந்தவன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டு, இப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் பார்க்கிறேன். அதனால் பெரிய பாடம் எதுவும் எடுத்துவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம்.

எட்டாவதுவரை என் மகள் கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். எப்படி என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். கைடில் இருக்கிற கணக்கை, எண்களோடு அப்படியே மனப்பாடம் செய்துவிடுவாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒப்பிப்பாள். நான் கைடைப் பிடித்துக்கொண்டு வரிமேல் விரலை நகர்த்துவேன். ஒரு எண் விட்டுப்போனாலும் "ம்ஹூம்" என்பேன். அவள் வாயில் நுரையோடு திருத்திச் சொல்வாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் கணக்கு படித்தார்கள்.

பிறகு பாடத்திட்டம் மாறியது. கேள்விகள் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வருவது நின்றுபோனது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கணக்கு டீச்சர் என்னை வரச்சொன்னார். அவளுடைய விடைத்தாளை மேசைமேல் விரித்தார்.

"கூம்பு மாதிரி ஒரு கூடாரம். உயரம் எட்டு மீட்டர்னு கேள்வியில இருக்கு, பாருங்க. உங்க பொண்ணு பத்துன்னு வச்சு முழுக் கணக்கையும் போட்டிருக்கா. போட்டதுல ஒரு தப்பு கிடையாது. ஆனா இது வேற கூடாரம்."

"வேற கூடாரமா?"

"கைடுல இருக்கற கூடாரம், சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற என் மகளுக்கு வரவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"அத்தா, நான் பத்தாவது போகல. தையல் கத்துக்கறேன்."

"கணக்கு இல்லாத தையல் எங்கடி இருக்கு?" என்று அவள் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அளவு எடுக்காம ஒரு ஜாக்கெட் தச்சுப் பாரு. போட்டவளும் அழுவா, தச்சவளும் அழுவா."

அழுதது என் மகள்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இதே வகுப்பில், இதே பாடத்தால்தான். திட்டினால் பிடிவாதம் ஏறும். சமாதானம் சொல்லவோ எனக்குக் கணக்கு தெரியாது. ஆண்டுத் தேர்வுக்குள் அவள் மனது மாறினால் போதும் என்று விட்டுப் பிடித்தேன்.

நோன்பு மாதம் பிறந்த சமயத்தில் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். அதில் எண்ணே இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களை வரைய வேண்டும். ஓரிடத்தில் புறப்பட்டு, எல்லாத் தெருவிலும் ஒரே ஒரு தடவை நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். என் மகள் முதலில் கைடைத்தான் புரட்டினாள். எங்கள் தெரு அதில் இல்லை.

நோன்பு மாதத்தில் எனக்கு ஒரு பொறுப்பு உண்டு. பள்ளிவாசலில் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சியைச் சாயங்காலம் எல்லாரும் தூக்குவாளியில் வாங்கிப் போவார்கள். வர முடியாத வயதானவர்களுக்கு, நோன்பு திறப்பதற்குள் நாங்களே வீட்டில் கொண்டுபோய் ஊற்றுவோம். என் பங்குக்கு எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்கள். அவை ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். நீளமாக இரண்டு தெரு. அவற்றைச் சேர்க்கிற சந்துகள் மூன்று: இந்தக் கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. பள்ளிவாசல் இந்தக் கோடி மூலையில். ஆட்டோ ஸ்டாண்டு நடுச்சந்து முனையில்.

"அத்தா, கஞ்சி குடுக்க நீங்க எப்படிப் போவீங்க?"

"போவேன், வருவேன்."

"ஒரே தெருவுல ரெண்டு தடவ நடப்பீங்களா?"

"அத யாரு பாத்தா? கஞ்சி சூடா போய்ச் சேரணும், அவ்ளோதான்."

மறுநாள் அவளும் கூட வந்தாள், கையில் சாக்பீஸோடு. எந்தப் பக்கம் திரும்புவது என்று அவள் சொல்வாள். நான் வாளியோடு நடப்பேன். ஒவ்வொரு முனையிலும் நாங்கள் வந்த வழியிலும் போகிற வழியிலும் தரையில் ஒரு கோடு கிழிப்பாள். அன்றைக்கு வெளிவட்டம் முழுக்க நடந்து பள்ளிவாசலுக்கு வந்துவிட்டோம். நடுச்சந்து மட்டும் மிச்சம்; அங்கே கஞ்சி ஊற்ற, நடந்த தெருவிலேயே மறுபடி நடக்க வேண்டியதாயிற்று. மறுநாள் நடுச்சந்தில் முதலிலேயே நுழைந்தோம். அந்தக் கோடி மொத்தமும் விடுபட்டுப்போனது. அடுத்த நாள் வேறு விதமாகச் சுற்றி, மறுபடி ஆட்டோ ஸ்டாண்டு முனைக்கே வந்து முழித்துக்கொண்டு நின்றோம்.

"இன்னா பாய், சொந்தத் தெருவுலயே வழி தெரியலயா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கணக்கு போட்டுட்டு இருக்கோம்."

"வாளிலயா? கஞ்சி ஆறிடப் போவுது. ஊத்திட்டு வந்து போடுங்க!"

நான் திரும்பிப் பார்த்தால் மகள் பக்கத்தில் இல்லை. அந்த முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்பீஸ் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, ஒரு முனைக்கு வந்தா அங்கேருந்து போகணும்ல? வர ஒரு வழி, போக ஒரு வழி. சோடி. இங்க மூணு வழி இருக்கு. வந்து போனா ரெண்டு தீந்துடும். மூணாவதுல வந்தோம்னா, போறதுக்கு வழியே இல்ல."

"வேற மாதிரி சுத்திப் பாத்தா?"

"எப்படிச் சுத்தினாலும் மூணு மூணுதான், அத்தா."

சொல்லி முடித்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப முடியாதுன்னுதான் எழுதணும். விடை வரலன்னு ஆயிடும்."

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எனக்கு இதே நினைப்பு. எல்லாருக்கும் முடிந்து, இவளுக்கு மட்டும் முடியவில்லை என்றால் தையல் மிஷின்தான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே என் மகளின் குரல் கேட்டது. அம்மாவிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

வகுப்பில் நாலைந்து பேர், அவரவர் தெருவில் முடிந்தது என்று கை தூக்கினார்களாம். இவள் எழுந்து, "எங்க தெருவுல முடியல மிஸ். யாராலயும் முடியாது" என்றாளாம். எல்லாரும் சிரிக்க, டீச்சர் இவள் கையில் சாக்பீஸைக் கொடுத்திருக்கிறார். இவள் கரும்பலகையில் ஏணியை வரைந்து சோடியைச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் முடியாதுன்னு சொல்லிட்ட பாரு, அதுதான்மா விடை" என்றாராம் டீச்சர். "இது எந்தக் கைடுல இருந்துச்சு?"

"எங்க முனையில மிஸ்."

அன்றைக்கு நோன்பு திறந்து குடித்த கஞ்சி மாதிரி நான் என்றைக்கும் குடித்ததில்லை. தொண்டையில் இறங்கும்போதே பல நாள் பாரமும் சேர்ந்து இறங்கிவிட்டது. ஆனால் அவள் அந்தக் கணக்கை விடவில்லை.

"அத்தா, நாளைக்கு ஆட்டோ ஸ்டாண்டு முனைக்கு நேரா வாளியக் கொண்டுபோய் அங்கேருந்து ஆரம்பிப்போம். ஆரம்பிச்ச எடத்துக்கே திரும்ப வேணாம்னா, ஆரம்பிக்கற எடத்துக்கும் முடிக்கற எடத்துக்கும் சோடி வேணாம்ல?"

அப்படியே நடந்தோம். பள்ளிவாசல் பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நடுச்சந்து வழியாக ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்து, அந்தக் கோடியைச் சுற்றி மறுபக்கத் தெரு வழியாகத் திரும்பினோம். ஆரம்பித்த பிறகு எந்தத் தெருவையும் இரண்டு தடவை மிதிக்கவில்லை. நடுச்சந்தின் மறுமுனையில் வாளி காலியானது. எங்கள் வீடு இருந்தது ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம்.

"திரும்பி நடக்கணுமே" என்றேன்.

"அது கணக்குல வராது அத்தா. அது சும்மா நடை."

ஆண்டுத் தேர்வில் அவள் வாங்கியது பழைய மார்க்குக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பாஸ். விடைத்தாளை நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதில் இருந்ததெல்லாம் கேள்வியில் இருந்த கூடாரங்கள்தான். இப்போது பத்தாவது போகிறாள். கைடைப் பிடித்துக்கொள்ள என்னை யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அவள் வாயில் நுரை மட்டும்தான் இருக்கிறது.