வெள்ளவத்தையில் பன்றி அம்பு

கொழும்பு வெள்ளவத்தையில் காட்டுப் பன்றி கிடையாது. இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். ஆனாலும் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் பின்பக்கம், கிணற்றடியில் குந்தியிருந்து, என் பெரியப்பா ஒரு மாதமாகப் பன்றிக்கு அம்பு செய்துகொண்டிருந்தார்.

வன்னியிலிருந்து அவர் வந்ததே கனடாவுக்குப் போகத்தான். பெரியம்மா காலமான பிறகு அவருடைய ஒரே மகன் அங்கிருந்து ஸ்பொன்சர் செய்திருந்தார். விசாவுக்காக எங்களோடு காத்திருந்தார். ஊரில் அவர் பேர்போன வேட்டைக்காரர். சண்டை தொடங்கியபோது வேட்டைத் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு வில்லுக்கு மாறினவர். பிறகு தோளில் ஷெல் துண்டு பட்டது. பழைய வில்லை இழுக்க முடியாமல் போனதால் மூங்கிலில் மெல்லியதாக ஒன்று செய்துகொண்டார். மெல்லிய வில்லால் பன்றியைச் சாய்க்க வேண்டுமென்றால் அம்பு பாரமாக இருக்க வேண்டும். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

கமுகஞ் சலாகையில் செய்த அந்தப் பாரமான அம்பு, வாலை ஆட்டிக்கொண்டு இடப்பக்கமாகப் போய் மதிலில் மோதும். கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையில் ஓட்டையும் போட்டது. பெரியப்பா அலட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடித் துண்டால் தண்டைச் சுரண்டி மெலிய வைப்பார். குறைந்த பாரத்துக்கு ஈடாக முனையில் தூண்டில் ஈயத்தைச் சுற்றுவார். தென்னந்தும்பு அடைத்த சாக்கில் எய்து பார்த்துவிட்டு மறுபடி சுரண்டுவார். வில்லுக்கு மிஞ்சிய விறைப்பு அம்பில் இருந்தால் அது விலகித்தான் போகுமாம்.

"கொஞ்சம் வளைஞ்சு குடுத்தாத்தான் பிள்ளை நேர போகும்" என்றார்.

ஒருநாள் அம்பு சாக்கின் நடுவில் போய் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டார். சண்டையால் மூடிய வன்னிப் பாதை திறந்ததும் ஊருக்கே திரும்பப் போகிறாராம். கனடா எல்லாம் மற்றவர்களின் ஆசையாம். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாதென்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருடங்களில் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பெரியப்பாவின் பதிவு சரியாகவே இருந்தது. வில்லைப் பதியத்தான் எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஒரு ஞாயிறு காலை செக்கிங் வந்த சார்ஜன்ட் அதைக் கண்டெடுத்துவிட்டார். அம்மா, கோயில் வேட்டைத் திருவிழாவில் சாமி கொண்டுபோகும் வில் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சமாளித்தார். சார்ஜன்ட் அம்பு முனையைத் தடவிப் பார்த்து, சாமிக்கு ஈயம் எதற்கு என்று கேட்டார். பெரியப்பாவை, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சார்ஜன்டுக்கு முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடச் சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். தோளில் பட்ட காயம், வயலை நாசமாக்கும் பன்றி, தண்டைச் சுரண்டி முனைக்கு ஈயம் சுற்றும் கணக்கு, பாதை திறந்ததும் கனடாவுக்குப் போகாமல் ஊருக்குப் போகப்போவது, எதையும் விடவில்லை. சார்ஜன்ட் அம்பை விரல்மேல் வளைத்துப் பார்த்தார். தன் ஊரிலும் பன்றிதான் வயலை முடிக்கிறது என்று சிரித்தார். வில்லை மட்டும் ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப கனடாவுக்குப் போற யோசனை இல்லையோ, அத்தான்?"

பெரியப்பா குனிந்து நிலத்தில் சிதறிக் கிடந்த ஈயத் துண்டுகளைப் பொறுக்கினார். அன்று பின்னேரமே அம்மா கனடாவுக்கு டெலிபோன் எடுத்தார். பெரியப்பாவின் பாஸ்போர்ட் அம்மாவின் அலுமாரிக்குள் போனது. மகன் அழுதாராம், வரச்சொல்லி மன்றாடினாராம். விசா வந்த கிழமையே டிக்கெட்டும் வந்தது. போனவர் பிறகு ஊரைப் பார்க்கவேயில்லை. பனிக்காலமொன்றில் அங்கேயே காலமானார்.

விமான நிலையத்தில், சத்தியம் வாங்கிய அதே தலையில் கை வைத்தார். பொலிஸிடமிருந்து காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து, அவர் உள்ளே போய் மறையும்வரை நான் பெருமையோடு கையசைத்துக்கொண்டிருந்தேன்.