மஞ்சள் சீலை கட்டிய வேம்பு

கேதீஸ்வரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உலை கொதிக்கும்போதே வாசலுக்கு ஓடிவந்து, புளியந்தீவு ஆட்டோ தரிப்பிடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சி வடிப்பாள். பார்ப்பது புருசனை அல்ல. அவன் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கிற வேப்பங்கன்றை.

இரண்டு வருசத்துக்கு முன், சித்திரை வெயிலில், அங்கேதான் புருசன் சுபாகரன் மயங்கி விழுந்தான். இனி வெயிலே ஆகாது என்றார் டொக்டர். ஆட்டோவுக்குள் இருந்தால் இன்னும் வேகும். நிழலுக்கு எங்கே போவது? வாவிக்கரை வரைக்கும் தாரும் கொங்கிறீட்டும்தான். வெக்கை வருசத்துக்கு வருசம் ஏறுகிறது, நகரத்துக்குள் மரம் வேண்டும் என்று ஒரு நிறுவனம் கன்று கொடுத்தபோது, முண்டியடித்து ஒன்றை வாங்கி நட்டாள். படம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். தண்ணீர் ஊற்றுவது இவள் பாடு.

மாடு கடிக்குமோ, மின்கம்பிக்காரர் வெட்டுவார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் கன்றில் மஞ்சள் சீலைத் துண்டு கட்டி, குங்குமம் வைத்து, "அம்மாள் கனவில வந்து இந்த மரத்தக் கேட்டவ" என்று ஊருக்கெல்லாம் ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள். பிறகு யார் கை வைப்பார்கள்? மாடுகூட விலகிப் போவதாக அவளே நம்பினாள்.

கன்று அவள் தோளுக்கு வந்தபோது வைகாசி பிறந்தது. கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தார்கள். வேப்பங்குழை தேடிய பெண்கள், அம்மாளே கேட்ட மரத்தை விட்டு வேறெங்கே போவார்கள்? செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, பயபக்தியோடு ஓர் இலை விடாமல் ஒடித்துப் போனார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"உன்ட மரத்துக் குழைதான் கா அம்மாளுக்கு!" என்று குழையும் கையுமாக வந்த அடுத்த வீட்டுப் புஸ்பம் பூரித்துப்போய்ச் சொன்னாள். கேதீஸ்வரி யாரை ஏசுவாள்? சொன்ன பொய்யை இனி எந்த முகத்தோடு திருப்பி வாங்குவது? அழுகைதான் வந்தது. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு தரிப்பிடத்துக்கு ஓடினாள்.

உச்சி வெயில். மொட்டைக் கம்பாய் நின்ற கன்றுக்குக் குடை பிடித்தபடி, தான் வெயிலில் நின்றான் சுபாகரன்.

"உங்களுக்கென்ன விசரா? நீங்க நிழல்ல நிக்கத்தானே இத நட்ட நான்!"

"ஓம். இது பட்டுப்போனா மறுகா நான் எங்க நிக்கிற?"

அவள் கன்றில் கட்டிய மஞ்சள் சீலைத் துண்டை அவிழ்த்தாள். கன்றுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து நனைத்து, அவன் தலையில் இறுக்கிக் கட்டினாள்.

"அம்மாள் கோவிக்கப் போறா," என்றான்.

"கோவிச்சா என்னோடதான்," என்று குடையைப் பறித்துத் தான் பிடித்தாள்.