கண் டாக்டர் முதுகைப் பற்றிக் கேட்டார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அடுத்த வியாழக்கிழமை எனக்கு முதுகில் ஆபரேஷன். நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் இடது கண் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மெட்ராஸ் ஐ என்று நினைத்தேன். கண்ணில் தொற்று இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்களே என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.

முதுகின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வலங்கைமான் பக்கத்தில் உதவி வேளாண்மை அலுவலராக இருக்கிறேன். பெயர்தான் அலுவலர், பாதி நாள் வரப்பில்தான் வேலை. ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வயல் வயலாக இறங்கிப் பூச்சி இருக்கிறதா, பயிர் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கணவர் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு லீவு.

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது எனக்கு இடுப்புக்குக் கீழே வலி ஆரம்பித்தது. சில நாள் இடது பக்கம், சில நாள் வலது பக்கம். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான். எல்லாருக்கும் வர்றதுதான்." நானும் அதையே நம்பினேன். கும்பகோணத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். பெல்ட் போட்டேன். பிசியோதெரபியில் சூடு வைத்தார்கள். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாயில் படுத்தேன், பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு மெத்தை வாங்கினேன்.

ஒருமுறை, என்னோடு வேலை பார்க்கிறவர் சொன்னார் என்று அதிராம்பட்டினம் பக்கம் ஒரு எண்ணெய் வைத்தியரிடமும் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து, இறங்கும்போது என்னால் நிமிரவே முடியவில்லை. கண்டக்டர் கை கொடுத்து இறக்கிவிட்டார். வைத்தியர் எண்ணெய் தேய்த்து, "கால் கிலோமீட்டர் நடந்து போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். நடந்துவிட்டு வந்தால் வலி பாதி குறைந்திருந்தது. எண்ணெய்தான் வேலை செய்கிறது என்று இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். நடந்ததால் குறைந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இதில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. வரப்பில் அலைகிற நாட்களில் எனக்கு வலி குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு என்று வீட்டில் இருந்தால்தான் முதுகு பலகை மாதிரி ஆகிவிடும். படுத்து எழுந்தால் இன்னும் மோசம். விடிகாலையில் வலியே என்னை எழுப்பிவிடும். என் கணவர் என்னோடு முழு நாளும் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால், அவர் கண்ணில் பட்டதெல்லாம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி அலச முடியாமல் நான் உட்கார்ந்துவிட்டபோது அவர் கேட்டார். "வாரம் பூரா வண்டியில பறக்குற. சேத்துல இறங்கி ஏறுற. நான் வீட்டுல இருக்குற அன்னிக்கு மட்டும் உனக்கு இடுப்பு பிடிச்சுக்குதே, அது எப்படி?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. எனக்கும் அது புரியவில்லையே! வீட்டு வேலைக்குச் சோம்பல் பட்டுக்கொண்டு உடம்பு என்னை ஏமாற்றுகிறதோ என்றுகூட ராத்திரி பகலாக யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு தப்பு செய்தேன். தஞ்சாவூரில் ஒரு முதுகுத்தண்டு அறுவை நிபுணரிடம் போனபோது, "வேலை செஞ்சா வலி கூடுதா? ரெஸ்ட் எடுத்தா குறையுதா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். சுத்தப் பொய். உண்மையைச் சொன்னால் நடிக்கிறேன் என்று இவரும் நினைத்துவிடுவாரோ என்ற பயம். போதாக்குறைக்குக் கணவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்கேனில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. மாத்திரை கொடுத்து முழு ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். மெடிக்கல் லீவு போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டே வாரத்தில், கட்டிலில் இருந்து எழ என் மகள் கை கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். ரெஸ்ட் எடுத்தும் கேட்காத வலி என்றால் ஆபரேஷன்தான் வழி என்று அவர் முடிவு செய்தார். நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் வேறு எந்த முடிவுக்கு வர முடியும்?

இப்படித்தான் வியாழக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டு அந்தக் கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன்.

கண் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். மேசை மேல் இருந்த கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, நூல் மாதிரி ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டார். வலியில் துடித்துப்போனேன்.

"பீளை கட்டுதா?"

"இல்ல டாக்டர்."

"வெளிச்சத்தைப் பார்த்தா கூசுதா?"

"பார்க்கவே முடியல."

"இது மெட்ராஸ் ஐ இல்ல. கண்ணுக்கு உள்ள அழற்சி" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு முதுகு வலி இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெல்ட் புடவைக்குள் இருந்தது. ஆபரேஷன் விஷயத்தை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

"தெரியாது. அதான் கேக்குறேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பாக இருக்குமா, எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி முடிக்கிற வரைக்கும், ஒரு மணி நேரமாவது இருக்கும் என்றேன். குதிகால் வலிக்குமா என்றார். வலித்திருக்கிறது, செருப்பு சரியில்லை என்று மாற்றியிருக்கிறேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"நடந்தா, வேலை செஞ்சா, வலி கூடுமா குறையுமா?"

பழக்கத்தில் "கூடும்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்ட விதம் என்னை நிறுத்தியது. அந்தக் கேள்வியில் சந்தேகம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் இருந்தது. பயிர் மஞ்சளாகிவிட்டது என்று ஒரு விவசாயி வந்து நின்றால் நானும் இப்படித்தான் கேட்பேன், அடி இலையா நுனி இலையா என்று. கடைக்காரர் சொன்னார் என்று எதையோ தெளித்துவிட்டு, நான் திட்டுவேன் என்று அதை மறைப்பவர்களும் உண்டு. அவர்கள் மறைப்பதால் நான் தப்பான மருந்தைச் சொல்லியிருக்கிறேன். நானும் இப்போது அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது.

"டாக்டர், ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"லீவு நாள்லதான் வலிக்குது. வயல்ல அலைஞ்சா வலிக்கிறதில்ல."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். "இதை இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலியா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்த கண்ணீர், சிவந்த கண் எரிய எரிய வழிந்தது.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே சில பேருக்கு முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும், அதே ஆள்களுக்குக் கண்ணிலும் இப்படி வரும் என்று விளக்கினார். ஓய்வெடுத்தால் கூடி, அசைந்தால் குறைவதுதான் அந்த வலியின் குணமாம். "குடும்பத்துல யாருக்காவது முதுகு வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

என் அப்பா! திருவிடைமருதூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்க, கண்ணை மட்டும் மேலே உயர்த்துவார், தலை நிமிராது. மூட்டை தூக்கித் தூக்கிக் கூன் விழுந்துவிட்டது என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்வது. வருடத்துக்கு ஒருமுறையாவது அவருக்குக் கண் சிவக்கும். நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருப்பார். இரண்டையும் ஒன்றாக வைத்து நாங்கள் யாருமே யோசித்ததில்லை.

"ஆபரேஷன் வேணாம்னு நான் சொல்ல முடியாது. அது என் துறை இல்ல" என்றார் கண் டாக்டர். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்த்துடுங்க." அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை. வாத நோய் நிபுணர் என்று தமிழில் சொல்லி, கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சர்ஜனிடம் பொய் சொன்னது உட்பட. அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். போனில் எதையெதையோ தேடிப் பார்த்தார். கடைசியில், "சும்மா கெடக்குற மோட்டாருதான் ஜாம் ஆகும். தினம் ஓடுறது ஆகாது. இது தெரிஞ்சும் நான் அன்னிக்கு உன்னை அப்படிக் கேட்டுட்டேன்" என்றார். பிறகு அவரே எழுந்து போய் சர்ஜனின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

திருச்சியில் அந்த நிபுணரைப் பார்த்தோம். தையற்காரர் மாதிரி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முதுகில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, குனியச் சொல்லி, இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார். மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து மூச்சை இழுக்கச் சொன்னார். பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்தப் படத்துல பெரிய தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆனா உங்க வலி இந்தப் படத்துக்குக் கீழ இருக்கு" என்றார். முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டைத் தனியாக ஸ்கேன் எடுத்தபோது, இரண்டு பக்கமும் அழற்சி தெரிந்தது. ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? இல்லாத வலியை நான் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி மாதிரி இருந்தது.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, ரெஸ்ட் என்று படுத்துவிடக் கூடாது என்ற கண்டிப்பு, இவ்வளவுதான் சிகிச்சை. ஒரு மாதத்தில் நானே எழுந்து உட்கார்ந்தேன். பழைய சர்ஜனிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கே இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த தடவை திருச்சிக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவரைச் சுவரில் முதுகு சாய்த்து நிற்கச் சொன்னார். "தலை சுவத்துல படட்டும்ங்கய்யா." படவில்லை. அப்பா முயன்று முயன்று பார்த்தார். தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சேர்ந்துபோன எலும்பை இனிப் பிரிக்க முடியாது, ஆனால் கண்ணைக் காப்பாற்றலாம், மிச்ச வலியைக் குறைக்கலாம் என்றார் டாக்டர்.

"மூட்டை தூக்குனதால இல்லீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லீங்கய்யா. உங்க மேல தப்பே இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, கல்லணை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார். "பாப்பா, மழைக்காலத்துல நாலு நாள் சேந்தாப்ல வீட்டுல கெடந்தா என்னால எந்திரிக்கவே முடியாது. ஒங்க அம்மா சோம்பேறித்தனம்னு சொல்லுவா. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் உடம்பையே திருப்பி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கணவரும் குடமுருட்டிக் கரையில் நடக்கிறோம். நான் வரச் சோம்பல்பட்டாலும் அவர் விடுவதில்லை. வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சில வாரங்கள் எட்டிப் பார்க்கும். கண் டாக்டருக்கு நன்றி சொல்ல ஒருமுறை போயிருந்தேன். அவருக்கு என் பெயர் நினைவில்லை. கருவியில் என் கண்ணைப் பார்த்த பிறகுதான், "ஓ, லீவு நாள் வலி!" என்று அடையாளம் கண்டுகொண்டார்.

வெட்கப்பட்டு நான் மறைத்து வைத்திருந்த அந்த ஒரு விஷயம்தான் என் நோய்க்கே அடையாளம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், நம்புவாரா மாட்டாரா என்று யோசிக்காமல், உடம்பு சொல்வதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.