வயிற்றில் வைத்த நீலப்புள்ளி

செய்தியைச் சொன்னவர் பொன்னன். அறுவடையான சாமையில் ஒரு பை கொடுக்கக் கலசப்பாக்கம் வந்தவர், தெருவில் நின்றே எனக்குப் போன் செய்தார். "சார், டாக்டரம்மா வூட்டு முன்னால பந்தல் போட்டுக்கீறாங்க. இன்னா ஆச்சின்னு கேக்கவே பயமா கீது." அறுவை சிகிச்சை மருத்துவர் செல்வநாயகி அன்று காலை மாரடைப்பில் இறந்துவிட்டதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவருடன் வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் அவர் சட்டைப்பையிலிருந்த நீல மார்க்கர் பேனாவைத் தெரியும். "மேடம் பொட்டு வைக்கக் கிளம்பிட்டாங்க" என்று முதலில் கேலி செய்தவன் நான்தான். மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம்.

பல வருடங்களுக்கு முன்பு பொன்னனை ஜவ்வாது மலையிலிருந்து எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது உச்சிவேளை. நான்கு நாள் வலியைச் சூட்டுவலி என்று நினைத்து வெந்தயமும் மோருமாக ஓட்டியிருக்கிறார். பெருங்குடலில் புடைத்திருந்த சின்னப் பை ஒன்று சீழ்பிடித்து வெடித்து, வயிறெங்கும் மலம் பரவியிருந்தது. சலைன் ஓட ஓட இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஊசியோடு தயாராக நிற்கிறேன், செல்வநாயகி அவரை உட்கார வைக்கச் சொல்கிறார்!

"மேடம், உயிரு போய்ட்டிருக்கு. இப்ப இன்னா பொட்டு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"தெரியும். ரெண்டு நிமிஷம் குடுங்க."

இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அரைஞாண் எங்கே நிற்கும், வேட்டியை எங்கே இறுக்குவீர்கள், மூட்டையை எந்தப் பக்கம் தூக்குவீர்கள் என்று கேட்டார். உட்காரும்போது வயிற்றில் மடிப்பு விழாத ஓர் இடத்தில் நீலப்புள்ளி வைத்தார். அங்கேதான் குடலை வெளியே எடுத்துப் பை ஒட்டப்போவதாகச் சொன்னார். பொன்னனின் மனைவி காளியம்மா அழுதார். "கெட்டத வெட்டிட்டு உள்ளயே ஒட்டிடுங்கம்மா. வயித்துல பையோட எப்பிடி மலை ஏறுவாரு?"

"இந்த நெலமையில உள்ள தச்சா பிரிஞ்சிடும்மா. இன்னைக்கு உயிர காப்பாத்திக்கலாம். ஒட்றத அப்புறம் பாக்கலாம்."

அழுகிய குடலை வெட்டி எடுத்தார். கீழ்முனையைத் தைத்து மூடினார். தண்ணீர் தெளிவாக வரும்வரை வயிற்றைக் கழுவி, மேல்முனையை அந்தப் புள்ளி வழியே வெளியே கொண்டுவந்தார். மலம் இனி அங்கே ஒட்டிய பையில் சேரும்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார். படவேட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இதே அறுவை. அவசரத்தில் புள்ளி வைக்காமல், புடவை கட்டும் இடத்திலேயே குடலைக் கொண்டுவந்துவிட்டார். பிழைத்தாள். ஆனால் பை ஒட்டாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. குடலைத் திரும்ப இணைக்க அவள் வரவேயில்லை. இவரே தேடிப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து பேசியிருக்கிறாள்: "பொழைக்க வெச்சீங்க. வெளிய வர முடியாம பண்ணிட்டீங்களேம்மா."

"அவசரம் நமக்கு சார். அதோட வாழப்போறது அவங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னன் பையோடு மலை ஏறினார், களையெடுத்தார். சில மாதம் கழித்து வந்து குடலை இணைத்துக்கொண்டார். அன்று கத்தியதற்கு நான் மட்டும் மன்னிப்புக் கேட்கவேயில்லை. வருடக்கணக்கில் எதிரெதிரே நின்று வேலை செய்தும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பந்தலில் அவர் முகத்தைப் பார்த்தபோது வந்தது. யாருக்குப் பிரயோஜனம்?

போன வாரம் அதே நோயோடு ஒரு பெண்மணி வந்தார். புதிதாகச் சேர்ந்த அறுவை மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல அவங்கள உக்கார வைங்க. புடவை எங்க கட்டுவாங்கன்னு கேளுங்க" என்றேன்.

"சார், பிரஷர் எறங்குது!" என்று கத்தினார் அவர்.

"தெரியும். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்று என் சட்டைப்பையிலிருந்த நீல மார்க்கரை நீட்டினேன்.