சித்தி சொல்ல மறுத்த ‘ஹீ’

தேங்காய் திருவும் சத்தத்தோடு சேர்ந்துதான் எனக்கு ஆங்கிலம் நினைவுக்கு வருகிறது. கொடிகாமத்திலிருந்து சற்று உள்ளே இருந்த எங்கள் வீட்டுக் ‘குசினி’யில், சித்தி திருவலையில் அமர்ந்து ஓர் இழுவைக்கு ‘ஷிப்’ என்றும் அடுத்த இழுவைக்கு ‘ஷீப்’ என்றும் சொல்லிக்கொண்டிருப்பார். கப்பலையும் செம்மறியாட்டையும் பிரித்துச் சொல்ல அவர் பட்ட பாட்டில், அந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சம்பலில் சிரட்டைத் துகள் கடிபடாத நாளே இல்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. கலியாணம் முடிந்த மூன்றாம் வாரமே சித்தப்பா லண்டனுக்குத் திரும்பிவிட்டார். சித்தி அங்கே போவதென்றால், ஆங்கிலத்தில் கதைத்துக் காட்டும் பரீட்சை ஒன்றில் தேறினால்தான் விசா என்றார்கள். கணக்கில் கெட்டிக்காரியான சித்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்குப் பெரும்பாலும் தலையிடி வந்து வீடு திரும்பியவர். ஆகவே சந்தைக்குப் பின்னாலிருந்த கிடுகுக் கொட்டிலில் நடந்த ‘ஸ்போக்கன் இங்கிலிஷ்’ வகுப்பில் சேர்ந்தார். அங்கே வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் போலவே வெளிநாட்டிலிருந்த கணவனிடம் போய்ச் சேரக் காத்திருந்த இளம்பெண்கள்தான்.

எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் படித்ததை மாலையில் சித்தி என்னிடம் ஒப்புவிப்பார். நான் புத்தகத்தைப் பார்த்துப் பிழை பிடிப்பேன். ஆனால் என்னைவிட அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார். கத்திக்கு முன்னால் வாயே திறக்காத ஓர் எழுத்தை ஏன் எழுதி வைத்தார்கள்? புதன்கிழமையின் நடுவிலிருந்த எழுத்தை யார் விழுங்கியது? ஒரு செம்மறியும் ‘ஷீப்’தான், பத்துச் செம்மறியும் ‘ஷீப்’தான் என்று நான் வாசித்துக் காட்டிய மாலையில், “அப்ப ஒண்டு துலைஞ்சால் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்று கவலையோடு கேட்டார்.

ஆங்கிலச் சொற்களை அவர் தமிழ் எழுத்திலேயே கொப்பியில் எழுதுவார். எங்கள் ஊர் வழக்கப்படி ஆங்கில ‘ட’வுக்கும் ‘ர’தான். ஒருநாள் ‘நாளை ரெஸ்ற்’ என்று எழுதி வந்து, பிறகு அது என்னவென்று அவருக்கே மறந்துபோக, என்னிடம் காட்டினார். ‘ரெஸ்ற்’ என்றால் ஓய்வு என்றேன். மறுநாள் சித்தி நிம்மதியாக வீட்டில் நின்று மாவிடித்தார். கொட்டிலில் மற்றவர்கள் பரீட்சை எழுதினார்கள்.

இவையெல்லாம் சின்னச் சிக்கல்கள். பெரிய சிக்கல் ‘ஹீ’. கணவனை ‘ஹீ’ என்று சொல்லச் சித்தியின் நா எழவில்லை. அது ‘அவன்’ என்று சொல்வதைப் போலிருக்கிறதாம். ‘அவர்’ என்ற மரியாதைக்கு அந்தப் பாசையில் இருப்பது ‘தே’ ஒன்றுதான் என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். தபாற்கந்தோரில் வேலை பார்த்த என் அப்பா வேறு, மரியாதை விஷயத்தில் கண்டிப்பானவர். வீட்டுக்குப் பால் கொண்டுவருபவரை நான் ஒருமுறை ‘நீ’ என்றதற்கு, வாசற் படலை வரை கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தவர். சித்தியின் ‘தே’யை அவர் திருத்தவில்லை.

முதல் பரீட்சைக்குச் சித்தியைக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றவரும் அப்பாதான். பரீட்சை வைத்த அம்மையார், உன் கணவர் எங்கே என்று கேட்க, சித்தி ‘தே ஆர் இன் லண்டன்’ என்றிருக்கிறார். அப்படியானால் எத்தனை கணவர் என்று அம்மையார் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். அதோடு சித்தி மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். தோல்வி என்று அறிவித்தல் வந்த அன்று குசினியில் சத்தமே இல்லை. இனித் தான் போகப்போவதில்லை என்று சித்தி அம்மாவின் மடியில் படுத்து அழுதார். கைபேசியில் சித்தப்பா சிரித்தார்.

“என்னை ‘இட்’ எண்டு சொன்னாலும் காரியமில்லை, நீர் பாஸ் பண்ணும்.”

இன்னொரு தரம் பரீட்சைக்குப் போகச் சம்மதித்த சித்தி, ‘ஹீ’ விஷயத்தில் மட்டும் மசியவில்லை.

இரண்டாவது பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னர் சித்தியின் பிறந்தநாள் வந்தது. காலையில் தலைமுழுகி, புதுச் சட்டை போட்டு, கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னேரமாயிற்று, அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொழும்புக்குப் போகும் பஸ்ஸிலும் சித்தி கைபேசியை மடியிலேயே வைத்திருந்தார். பள்ளி விடுமுறையென்று நானும் கூடப் போயிருந்தேன்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் அப்பா ‘பிளேன்ரீ’ வாங்கிக் கொடுக்க, பாதி குடித்த பிறகுதான் வாய் திறந்தார். கணவனைப் பற்றிச் சொல் என்று கேட்டார்களாம். என் பிறந்தநாளை ‘ஹீ’ மறந்துவிட்டார், ‘ஹீ’ கோல் எடுக்கவில்லை, நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன், ‘ஹீ’க்கு வேலைதான் பெரிது என்று சித்தி தொடங்கி, நிறுத்தவேயில்லையாம். அம்மையார் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். அவரைக் கண்டதும் என்ன செய்வாய் என்று கடைசியில் விசாரிக்க, “ஐ வில் நொட் குக்” என்றாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரிக்கவில்லை.

“பத்துப் பன்ரண்டு தரம் ‘ஹீ’ எண்டு சொல்லிப்போட்டன் அத்தான்” என்று அப்பாவிடம் தலைகுனிந்து சொன்னார்.

அப்பா கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அது இங்கிலிசில சொன்னதுதானே” என்றார்.

சித்தி தேறிவிட்டார். இரண்டு இடத்தில் வேலை செய்ததில் தேதியே தெரியாமற் போயிற்று என்று முதலில் மன்னிப்புக் கேட்ட சித்தப்பா, பிறகு கதையை மாற்றி, சித்தி பாஸ் பண்ணட்டும் என்றே தான் அழைக்காமல் இருந்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்தக் கொட்டில் இல்லை. அந்த இடத்தில் கைபேசி திருத்தும் கடை. பெண்கள் வீட்டிலிருந்தபடி திரையைப் பார்த்துப் படிக்கிறார்கள். சித்தியோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. எங்கள் குசினியில் தேங்காயை இயந்திரம் திருவுகிறது.

போன விடுமுறைக்குச் சித்தி தன் ஆறு வயது மகளோடு வந்திருந்தார். ஓய்வுபெற்ற அப்பா ஒருநாள் காலை சைக்கிளை எடுக்க, அந்தப் பிள்ளை முற்றத்தில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் உரக்கக் கேட்டது:

“பெரியப்பா, நீ எங்க போறாய்?”

சித்தி ஓடிவந்து மகளின் வாயைப் பொத்தினார். அங்கே எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான் அத்தான், பிள்ளைக்கு வித்தியாசம் விளங்காது என்று தடுமாறினார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தார்.

“சந்தைக்குப் போறன். நீங்களும் வாறியளோ?”