இருபத்தைந்தாவது தகவல்

என் மகள் தர்ஷினி எட்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளி வினாடி வினாவுக்குக் கொடுத்திருந்த தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "மூடுபனி நாட்களில் தெருவில் கயிறு கட்டி மணி தொங்கவிடும் வழக்கம் எந்த அமெரிக்க நகரத்தில் இருந்தது? சான் பிரான்சிஸ்கோ."

கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டேன். அப்படியொரு வழக்கம் அந்த ஊரில் இருந்ததே இல்லை. உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பொய்யைக் கட்டிவிட்டவளே நான்தான்.

கல்லூரி முடித்த கையோடு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டு இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கிற வேலை. நாலு பேர், நாலு கம்ப்யூட்டர், கீழேயிருந்து ஏறிவரும் புதுப்பட்டு வாசனை. சென்னையைத் தாண்டாத நான் வெள்ளைக்காரர்களுக்கு எந்த ஓட்டலில் தங்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கொழுப்புதான்.

ஒருநாள் சான் பிரான்சிஸ்கோ பற்றி இருபத்தைந்து சுவையான தகவல்கள் கேட்டார்கள். தேடத் தேட அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. பேரில் தங்கம் வைத்திருக்கும் அதன் பாலத்துக்குச் செம்மஞ்சள் பெயிண்ட். ஆடி மாதத்தில் நாம் வியர்த்து வழியும்போது அங்கே ஸ்வெட்டர் போடுகிறார்கள். தங்கம் தேடி வந்தவர்கள் கைவிட்ட கப்பல்கள் மேல் மண்ணைக் கொட்டி ஊரை நீட்டியிருக்கிறார்கள். சில கட்டடங்களுக்கு அடியில் இன்றைக்கும் கப்பல் கிடக்கிறது. செத்தவர்களைப் புதைக்கப் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். இப்படி இருபத்துநாலு சேர்ந்தது. அத்தனையும் சத்தியமாக உண்மை. அதோடு நெட் போய்விட்டது.

"எதனா ஒண்ணு போடும்மா," என்றார் முதலாளி. "யாரு போயி பார்த்துக்கினு வரப்போறாங்க?"

எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதான். நெசவாளியான அப்பா விடியற்காலையில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தேய்ப்பார். ஒரு பனி நாளில் பால்காரர் சைக்கிளோடு அதற்குள் பாய்ந்து இழைகளை அறுத்துவிட்டார். மறுநாள் அப்பா முனைக் கயிற்றில் ஆட்டு மணி ஒன்றைக் கட்டினார். தேய்க்கத் தேய்க்கக் கயிறு ஆடும், மணி அடிக்கும். "கண்ணுதான் தெரியல, காதால பார்த்துக்கினு போவட்டும்பா," என்றார். பிறகு தெருவில் எல்லாரும் கட்டினார்கள்.

அந்த மணியைத்தான் கழற்றிக்கொண்டுபோய் அமெரிக்காவில் மாட்டினேன்.

"தர்ஷி, இது பொய்டி. நான் எழுதினது. உங்க தாத்தா கட்டின மணி அது."

"சும்மா இரும்மா. பத்து வெப்சைட்ல போட்டுக்கிறாங்க. உன் பேரு எங்கனா இருக்குதா, காட்டு."

எங்கே காட்டுவது? எங்கள் பேரை யார் போட்டார்கள்? அந்த மாடியில் இப்போது பல் ஆஸ்பத்திரி. அந்த இணையதளமும் மூடியாயிற்று. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த பத்துதான் மிச்சம். பள்ளிக்கே போய் டீச்சரிடம் சொன்னேன். "ஆன்சர் ஷீட்ல எது இருக்குதோ அதுக்குதான்மா மார்க்கு," என்றார். இனிமேல் ஸ்கூல் பக்கமே வராதே என்று தர்ஷி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று போட்டி. அந்தக் கேள்வி வந்தது, ஜெயித்தும் விட்டாள். "பார்த்தியா, கரெக்ட்டுன்னுட்டாங்க," என்று கோப்பையை நீட்டினாள். பெற்றவள் சந்தோஷப்படத்தானே வேண்டும்? என்னால் முடியவில்லை. என் அப்பா செய்ததை அவருடைய பேத்தியே நம்ப மாட்டேன் என்கிறாளே. விடக்கூடாதென்று எங்கள் பழைய தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரே ஒருத்தர் ஆமாம் என்று சொன்னால் போதும்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலெல்லாம் வண்டி நிற்கிறது. பாவு போட இப்போது தனிக் கூடம் இருக்கிறது. என்னோடு அதே தெருவில் வளர்ந்த சுந்தரிதான் அகப்பட்டாள். அவள் அப்பாவும் மணி கட்டியவர்தான்.

"சுந்தரி, பனி நாள்ல பாவுல மணி கட்டுவாங்களே, இவகிட்ட சொல்லு."

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "மணியா? நம்ம தெருவுலயா? நெனப்பு இல்லியேம்மா. அமெரிக்காவுல ஏதோ ஒரு ஊர்ல கட்டுவாங்களாம், எம் பையன் போன்ல காட்டினான்."

நான் தர்ஷியைப் பார்த்தேன். அவள் முகத்தில் இப்போது கோபம்கூட இல்லை.

"சரி, வாம்மா. வீட்டுக்குப் போலாம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.